அல்லோஷ்யூர் ரத்தப் பரிசோதனை: மாற்றுக் கிட்னிக்கு எவ்வளவு காவல்?

கிட்னி மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு அமெரிக்காவில் எழுதிக் கொடுக்கப்படும் ரத்தப் பரிசோதனைகளில் அதிகம் கேள்வி எழுப்புவது அல்லோஷ்யூர். கலிஃபோர்னியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கும் கேர்டிஎக்ஸ் நிறுவனம் இதைச் செய்கிறது. 2017 அக்டோபரிலிருந்து அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு இதற்குப் பணம் கொடுக்கிறது. "பயாப்ஸி ஊசியே வேண்டாம், ரத்தத்திலேயே ரிஜெக்‌ஷன் தெரிந்துவிடும்" என்று நோயாளிகள் நடுவில் ஒரு பேச்சு ஓடுகிறது. ரிஜெக்‌ஷன் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மாற்றுக் கிட்னியை அந்நியமாக நினைத்துத் தாக்குவது. அந்தப் பேச்சை நம்பி யாரும் மற்ற பரிசோதனைகளைத் தள்ளிப் போடக் கூடாது என்பதற்காகவே இந்த மதிப்பீடு.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆன்டிபாடியால் வரும் ரிஜெக்‌ஷன் இப்போது இல்லை என்று சொல்வதில் இந்தப் பரிசோதனை கெட்டி. ரிஜெக்‌ஷன் இருக்கிறது என்று சொல்வதில் சுமார்தான். டி-செல் என்ற வெள்ளை அணுக்களால் வரும் ரிஜெக்‌ஷன் லேசாக இருந்தால் பல நேரம் தவறவிடும். மருந்து நச்சு, பழைய நோய் திரும்புவது ஆகியவற்றைப் பற்றி இதனிடம் கேட்டுப் பயனில்லை. மாதாந்திர அடிப்படைப் பரிசோதனைகள் ஒழுங்காக நடக்கும் ஒருவருக்கு இது நல்ல கூடுதல் காவல். அவை ஒழுங்கில்லாத ஒருவருக்கு இது வீண் செலவு.

எதை அளக்கிறார்கள் என்று பார்ப்போம். உடம்பில் செல்கள் மடியும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கிறது. மாற்றுக் கிட்னியின் செல்கள் மடிந்தால் கலப்பது கொடையாளரின் டிஎன்ஏ. அல்லோஷ்யூர் டிஎன்ஏவில் பல நூறு இடங்களில் உள்ள ஓரெழுத்து வேறுபாடுகளைப் படித்து, மொத்தத் துண்டுகளில் கொடையாளருடையது எத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறது. கொடையாளரிடம் தனியாக ரத்தம் எடுக்கத் தேவையில்லை. இந்தத் துண்டுகள் ரத்தத்தில் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் கரைந்துவிடும். அதனால் ரிப்போர்ட் காட்டுவது ரத்தம் எடுத்த அன்றைய நிலை. போன மாதம் வந்து போன பாதிப்பு அதில் தெரியாது.

கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினை ரத்தத்தில் பார்க்கும் பழைய பரிசோதனை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பது நியாயமே. கிரியாட்டினின் கிட்னியின் வேலையைக் காட்டும், காயத்தைக் காட்டாது. கிட்னியின் ஒரு பகுதி கெட்டாலும் மீதிப் பகுதி கூடுதலாக உழைத்து கிரியாட்டினின் அளவைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், கிட்னிக்கு ஒன்றும் ஆகாமலேயே கிரியாட்டினின் ஏறும். தண்ணீர் குறைவாகக் குடித்த நாள், முந்தின இரவு சாப்பிட்ட கறி, நிமோனியா வராமலிருக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை எல்லாம் அதை ஏற்றும். அந்த மாத்திரை கிரியாட்டினின் சிறுநீரில் வெளியேறும் வழியைத்தான் அடைக்கிறது, கிட்னியின் வடிகட்டும் திறன் அப்படியே இருக்கும். ஆகவே 1.1 இருந்த எண் 1.4 ஆனால் காரணம் ஐந்தாறு இருக்கலாம். அந்தக் குழப்பத்தில் அல்லோஷ்யூர் ஒரு பக்கம் வெளிச்சம் போடும்.

ரத்தம் எடுக்கும் கட்டத்தில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. இதற்கு வழக்கமான ஊதா மூடிக் குழாய் ஆகாது. ஸ்ட்ரெக் என்ற தனிக் குழாய் வேண்டும். வெள்ளை அணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டிவிடாமல் காக்கும் திரவம் அதற்குள் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 10 மில்லி வரை நிறைக்க வேண்டும். குறைவாக நிரப்பினால் திரவத்துக்கும் ரத்தத்துக்கும் உள்ள விகிதம் கெடும். எடுத்தவுடன் குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது. குலுக்கினால் செல் உடையும், உடைந்தால் உங்கள் சொந்த டிஎன்ஏ பெருகி, கொடையாளர் சதவீதம் பொய்யாகக் குறையும். மோசமான ரத்தக் குழாயில் மெல்லிய ஊசி போட்டு வலிந்து இழுத்தாலும் இதே கதி. அடுத்தது ஃப்ரிட்ஜ். பழக்க தோஷத்தில் ரத்தக் குழாய் என்றாலே ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். ஸ்ட்ரெக் குழாய் அறை வெப்பநிலையில்தான் இருக்க வேண்டும். 6 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், உறையக் கூடாது. வெயில் காலத்தில் காருக்குள் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் அந்த எல்லை தாண்டிவிடும். ரத்தம் எடுப்பவர் வீட்டுக்கே வந்து எடுத்துக் கூரியரில் அனுப்பும் வசதி இருப்பது இந்தச் சேவையின் பெரிய சௌகரியம். குழாய் ஆய்வகம் சேர்ந்த இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வந்துவிடும். பயாப்ஸி செய்யப்போகிறார்கள் என்றால் அதற்கு முன்னால் இந்த ரத்தத்தைக் கொடுத்துவிடுங்கள். ஊசி குத்திய காயமே எண்ணை ஏற்றும்.

சிலருக்கு இந்தப் பரிசோதனை செய்யவே கூடாது. ஒரே கரு இரட்டையரிடமிருந்து கிட்னி பெற்றவர்களுக்கு இரண்டு டிஎன்ஏவும் ஒன்றே, பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் குழந்தையின் டிஎன்ஏவும் ரத்தத்தில் இருக்கும். முன்பு எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்கள், பழைய மாற்றுக் கிட்னி உள்ளேயே இருக்க இரண்டாவது கிட்னி பெற்றவர்கள், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இவற்றை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவை முடிந்த முதல் இரண்டு வாரங்களில் எண் தானாகவே மிக உயரமாக இருக்கும், அப்போது எடுப்பதில் அர்த்தமில்லை. அம்மா, அப்பா, உடன்பிறந்தவர் கொடுத்த கிட்னி என்றால் இருவர் டிஎன்ஏவிலும் பொதுவான பகுதி அதிகம். வேறுபடும் இடங்கள் குறைவதால் கணக்கும் மாறும். இந்தியாவில் நடக்கும் கிட்னி மாற்றுகளில் பெரும்பாலானவை இப்படி உறவினர் தானத்தில் நடப்பவை. அங்கே அறுவை செய்துகொண்டு அமெரிக்காவில் தொடர் சிகிச்சைக்கு வரும் நம்மவர்கள் கொடையாளர் யார் என்பதைப் படிவம் நிரப்பும்போதே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இனி எண்களுக்கு வருவோம். நிலையாக ஓடும் கிட்னியில் இந்த அளவு பொதுவாக 0.2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை. 2017இல் வெளியான டார்ட் ஆய்வில் பயாப்ஸியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆன்டிபாடி ரிஜெக்‌ஷன் உள்ளவர்களின் இடைநிலை அளவு 2.9, ஓரளவு தீவிரமான டி-செல் ரிஜெக்‌ஷனில் 1.2, ரிஜெக்‌ஷன் இல்லாதவர்களில் 0.3. லேசான டி-செல் ரிஜெக்‌ஷனில், அதாவது பயாப்ஸியைத் தரம் பிரிக்கும் பான்ஃப் வகைப்பாட்டின் 1ஏ பிரிவில், வெறும் 0.2. கடைசி எண்ணைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். ரிஜெக்‌ஷன் இல்லாதவரின் அளவுக்கும் லேசான டி-செல் ரிஜெக்‌ஷன் உள்ளவரின் அளவுக்கும் வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில், 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆன்டிபாடி ரிஜெக்‌ஷன் இல்லை என்பது 96 சதவீதம் சரியாக இருந்தது. ஆனால் 1 சதவீதத்துக்கு மேலே போனவர்களில் ஏதோ ஒரு செயல்படும் ரிஜெக்‌ஷன் உண்மையில் இருந்தது 61 சதவீதம் பேருக்குத்தான். மேலே போனதும் ஸ்டீராய்டு ஏற்றிவிடுவது எவ்வளவு தவறு என்பது இதிலேயே தெரியும்.

ஒற்றை எண்ணைவிடப் போக்குதான் முக்கியம். ஒரே ஆளுக்குள்ளேயே நாளுக்கு நாள் ஏற்றத்தாழ்வு உண்டு. அதைக் கழித்துப் பார்த்தால், முந்தின அளவிலிருந்து 61 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 0.20 இருந்தது 0.28 ஆனால் பதறத் தேவையில்லை. 0.25 இருந்தது 0.60 ஆனால் இன்னும் 1 தாண்டவில்லை என்று சும்மா இருக்கவும் கூடாது. 2022இல் வந்த அட்மிரல் ஆய்வில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, 0.5ஐத் தாண்டி நின்றவர்களுக்குப் புதிதாகக் கொடையாளர் எதிர்ப்பு ஆன்டிபாடி உருவாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 0.5க்கும் 1க்கும் நடுவில் வரும் ரிப்போர்ட்டை ஒரு மாதத்துக்குள் திரும்ப எடுத்துப் பார்ப்பதே எங்கள் பரிந்துரை.

சதவீதத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மேலே கொடையாளர் டிஎன்ஏ, கீழே மொத்த டிஎன்ஏ. ஒரு மில்லி பிளாஸ்மாவில் கொடையாளர் துண்டு 25, மொத்தம் 2,500 என்றால் 1 சதவீதம். அதே ஆளுக்குக் கடும் காய்ச்சல் வந்து மொத்தம் 5,000 ஆனால், கிட்னியில் அதே காயம் இருந்தும் ரிப்போர்ட் 0.5 என்று சொல்லும். உடல் பருமனும் மொத்தத்தைக் கூட்டும். போட்டி நிறுவனமான நேட்டெராவின் ப்ராஸ்பெரா இங்கேதான் ஒரு படி மேலே நிற்கிறது. 13,000க்கு மேற்பட்ட இடங்களைப் படிப்பதோடு, சதவீதம் 1ஐத் தாண்டுகிறதா, இல்லை கொடையாளர் துண்டு ஒரு மில்லிக்கு 78ஐத் தாண்டுகிறதா என்று இரண்டையும் பார்க்கிறது. எடை கூடுதலாக உள்ளவர்கள், அடிக்கடி தொற்று வருபவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஒரு முறை இங்கே, மறுமுறை அங்கே என்று மாற்றாதீர்கள். இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒரே வரிசையில் வைத்துப் போக்கு பார்க்க முடியாது.

அல்லோஷ்யூருக்குத் தெரியாத விஷயங்களில் பெரியது சிறுநீரில் புரதம். ஐஜிஏ நெஃப்ரோபதி, எஃப்எஸ்ஜிஎஸ் போன்ற பழைய கிட்னி நோய் புதுக் கிட்னியில் திரும்பினால் முதலில் காட்டிக் கொடுப்பது காலை முதல் சிறுநீரில் பார்க்கும் புரத-கிரியாட்டினின் விகிதம். மிக மலிவான பரிசோதனை, அதிகம் மறக்கப்படுவதும் இதுதான். கேடிகோ என்ற பன்னாட்டுக் கிட்னி அமைப்பின் வழிகாட்டியின்படி முதல் மாதத்தில் ஒருமுறை, முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கிரியாட்டினின் இரண்டாம், மூன்றாம் மாதங்களில் வாரம் ஒருமுறை, நான்கிலிருந்து ஆறு வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஒருமுறை, அதன்பின் ஆயுளுக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும்போது தலைதூக்கும் பிகே வைரஸையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது கிட்னியைத் தாக்கினாலும் கொடையாளர் டிஎன்ஏ ஏறும். எண்ணை மட்டும் பார்த்து ரிஜெக்‌ஷன் என்று மருந்தைக் கூட்டினால் வைரஸுக்குத் தீனி போட்டதாகிவிடும். இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர்: ரிஜெக்‌ஷனுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும், பிகேவுக்கு அந்த அடக்கத்தைத் தளர்த்த வேண்டும். 2024இல் வந்த பன்னாட்டு வழிகாட்டி, ரத்தத்தில் வைரஸைத் தேடும் பிகே பிசிஆர் பரிசோதனையை ஒன்பது மாதம் வரை மாதாமாதமும், பிறகு இரண்டு வருஷம் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையான டாக்ரோலிமஸின் லெவல். நீண்ட காலத்தில் கிட்னியைக் காப்பாற்றுவதில் எந்தப் புதுப் பரிசோதனையும் இதற்கு ஈடாகாது. லெவல் என்றால் அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் ரத்தத்தில் மிச்சமிருக்கும் அளவு. இரவு 8 மணிக்குப் போட்டவர் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும். நாளுக்கு ஒருவேளை வகை என்றால் 24 மணி இடைவெளி. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு 10 மணிக்கு லேப்புக்குப் போனால் உச்ச அளவைத்தான் அளப்பார்கள். உண்மையில் 6 இருக்கும் ஒருவருக்கு ரிப்போர்ட் 15 என்று வரும். டாக்டர் டோஸைக் குறைப்பார். உண்மை லெவல் 3க்கு இறங்கும். நாலைந்து மாதம் கழித்து ஆன்டிபாடி முளைக்கும். அப்போது அல்லோஷ்யூர் எகிறும், கேடு அதற்கு முன்பே நடந்திருக்கும். ரத்தம் எடுத்த நேரத்தையும் கடைசி மாத்திரை நேரத்தையும் லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நீங்களே ரிப்போர்ட்டின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

லேப்பையும் மாற்றாதீர்கள். சில இடங்களில் இம்யூனோஅஸ்ஸே முறை, சில இடங்களில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. முதல் முறை மருந்தின் சிதைவுப் பொருள்களையும் சேர்த்து எண்ணுவதால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். லெவல் ஏற இறங்க மற்ற காரணங்களும் உண்டு: ஃப்ளூக்கனசோல், கிளாரித்ரோமைசின், டில்டியாசெம் ஏற்றும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் இறக்கும். வயிற்றுப்போக்கில் லெவல் இறங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நடப்பது பெரும்பாலும் ஏற்றம். பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் கூடாது, ஒரு சுளை பரவாயில்லை என்ற பேச்சே வேண்டாம். ஒவ்வொரு முறையும் லெவல் இலக்குக்குள் இருப்பதுபோலவே, முறைக்கு முறை அதிகம் ஆடாமல் இருப்பதும் முக்கியம். ஒரு மாதம் 4, அடுத்த மாதம் 11, பிறகு 5 என்று ஆடும் கிட்னிதான் ஆன்டிபாடிக்கு முதலில் இரையாகும்.

அந்த ஆன்டிபாடியை நேரடியாகப் பார்ப்பது டிஎஸ்ஏ பரிசோதனை. லூமினெக்ஸ் என்ற ஆய்வக முறையில் கொடையாளரின் எச்எல்ஏவுக்கு, அதாவது செல்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களுக்கு, எதிராக ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்து, அதன் வலுவை எம்எஃப்ஐ என்ற எண்ணில் சொல்வார்கள். இதற்குக் கொடையாளரின் எச்எல்ஏ ரிப்போர்ட் வேண்டும். டிக்யூ என்ற எச்எல்ஏ வகை உட்பட முழு விவரமும் உள்ள பிரதியை அறுவை நடந்த மருத்துவமனையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்காது. அல்லோஷ்யூரும் டிஎஸ்ஏவும் ஜோடியாகப் பார்க்கும்போதுதான் பலம். ஆன்டிபாடி இருந்து கொடையாளர் டிஎன்ஏ 0.2 என்றால் கிட்னியில் இன்னும் காயமில்லை என்று பொறுத்துப் பார்க்க இடமிருக்கிறது. ஆன்டிபாடியும் இருந்து எண்ணும் 1.5 என்றால் பயாப்ஸியைத் தள்ளிப் போட இடமே இல்லை.

விலைக்கு வருவோம். மெடிகேர் ஒரு பரிசோதனைக்கு நிர்ணயித்த தொகை 2,841 டாலர். நிறுவனத்தின் அட்டவணைப்படி 1, 2, 3, 4, 6, 9, 12ஆம் மாதங்களில் எடுத்தால் முதல் வருஷம் மட்டும் ஏழு முறை, 19,887 டாலர். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று. 2023இல் மெடிகேர் எந்தச் சூழலில் பணம் தரும் என்ற விதிகள் இறுகிவிட்டன. தனியார் காப்பீடு என்றால் ரத்தம் கொடுப்பதற்கு முன்னாலேயே ஒப்புதல் எண் வாங்கிவிடுங்கள். எங்கள் பார்வையில் எல்லோருக்கும் இந்த முழு அட்டவணை தேவையில்லை. அறுவைக்கு முன்பே ஆன்டிபாடி அதிகம் இருந்தவர்கள், இரண்டாவது மாற்று செய்தவர்கள், ஒருமுறை ரிஜெக்‌ஷனுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், புதிதாக டிஎஸ்ஏ வந்தவர்கள், தொற்றாலோ புற்றுநோயாலோ மருந்தைக் குறைக்க நேர்ந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவதால் பயாப்ஸி ஆபத்தானவர்கள், இவர்களுக்கு இந்தப் பணம் தகும். ஐந்து வருஷமாக கிரியாட்டினின் 1.2ல் நிற்க, புரதம் இல்லாமல், லெவல் ஆடாமல், டிஎஸ்ஏ இல்லாமல் இருப்பவருக்கு வருஷா வருஷம் டிஎஸ்ஏ பார்ப்பதே போதும் என்பது எங்கள் எண்ணம்.

எண் 1ஐத் தாண்டி வந்தால் செய்ய வேண்டிய வரிசை இது. அன்றைக்குக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்ததா என்று பாருங்கள், சிறுநீர் கல்ச்சர் கொடுங்கள். அதே வாரத்தில் டாக்ரோலிமஸ் லெவல், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், பிகே பிசிஆர், டிஎஸ்ஏ ஐந்தையும் ஒரே நாளில் எடுங்கள், வேறு வேறு நாளில் எடுத்தால் ஒப்பிட முடியாது. அல்ட்ராசவுண்ட் டாப்ளரில் அடைப்பும் ரத்த ஓட்டமும் பார்க்க வேண்டும். இவற்றில் விடை கிடைக்காவிட்டால் பயாப்ஸிதான். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். 16 அல்லது 18 கேஜ் ஊசியில் இரண்டு துண்டு எடுப்பார்கள். பான்ஃப் அளவுகோலின்படி அதில் குறைந்தது 10 குளோமெருலஸும் (கிட்னியின் நுண் வடிகட்டி) 2 ரத்தநாளமும் இருந்தால்தான் முழுமையான மாதிரி. ரிப்போர்ட் கையில் வந்ததும் முதலில் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள், பிறகு ஆன்டிபாடி தாக்கிய தடயத்தைக் காட்டும் சி4டி சாயம் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். "ரிஜெக்‌ஷன் இல்லை" என்று எழுதி குளோமெருலஸ் 4 என்றிருந்தால் அந்த "இல்லை"யை அப்படியே ஏற்காமல் டாக்டரிடம் மறுபடி பேச வேண்டும்.